மூன்று ஊர்க் கல்

நம் மாவட்டத்தின் பெரிய வரைபடம் தொங்குகிற சுவருக்கு நான் முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். தாலுகா ஆபீசானாலும் சரி, மகன் வேலை பார்க்கிற வங்கியானாலும் சரி. "அங்கன ஃபேன் காத்து வராதும்மா, இப்படித் திரும்பி இரிங்க" என்று யாராவது அக்கறையாகச் சொன்னாலும் "இருக்கட்டும்யா" என்று சொல்லிவிட்டு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பேன்.

நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிற வயது. கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வருகிற வயது. உங்களுக்கெல்லாம் இந்தப் பயம் இப்போது வந்த வியாதி. எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் எழுந்து போய்ச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த வரைபடத்தில் வடக்கே ஸ்ரீவைகுண்டத்து வயல்களுக்குப் பச்சை அடித்திருப்பார்கள். மேற்கே சாத்தான்குளத்துக் காய்ந்த காட்டுக்கு மஞ்சள். கிழக்கே கடல்; கடலோரமாகக் காயல்பட்டினம், திருச்செந்தூர். நடுவில் ஓர் இடத்தில் சிவப்புப் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்திருப்பார்கள். அதுதான் தேரி, செம்மணல் மேடு. அந்தச் சிவப்புக்குள் மூன்று கிராமங்களின் எல்லைக் கோடுகள் வந்து ஓர் இடத்தில் கூடும். அவை கூடுகிற இடம் தப்பு. அந்தத் தப்பைச் செய்தது நான்.

மூன்று கிராமத்தில் மேற்கே இருந்தது எங்கள் ஊர். பனையேறிகளும் சில்லறைக் கடைக்காரர்களுமாக அம்மன் கோயிலைச் சுற்றிக் கிடந்த ஊர். வடக்கே ஒரு கிறிஸ்தவ ஊர். வீட்டுக்கு ஒரு வாத்தியாராவது இருப்பார். கிழக்கே கடலை ஒட்டி மாதா கோயில் ஊர். அங்கே ஆண்கள் மீன்பிடிக்கப் போவார்கள், சிலர் சங்கு குளிக்கப் போவார்கள். அந்த ஊர் மண்ணில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். தேரியின் கிழக்கு அடிவாரத்தில் மட்டும், அவர்கள் எல்லை தொடங்குகிற ஓரத்தில், ஒரு கிணறு இருந்தது. இளநீர் மாதிரித் தண்ணீர். அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கிருந்துதான் குடம் குடமாகச் சுமந்து போவார்கள். எங்கள் ஊரில் வேறு கிணறு உண்டு, கோடையில் கலங்கும், அவ்வளவுதான்.

என் அப்பா எங்கள் ஊர்த் தலையாரி. கிராம அதிகாரிக்குக் கீழே வேலை. எந்த நிலம் யாருடையது, எந்த எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று மேலே இருந்து வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவார். மார்பில் குறுக்கே ஒரு பட்டை, அதில் பித்தளை வில்லை. வில்லையைப் புளி போட்டுத் தேய்ப்பது என் பொறுப்பு. இப்போது அது எங்கே போனதோ, வீடு இடிக்கும்போது தேடினேன், கிடைக்கவில்லை. அப்பா பொய் சொல்லமாட்டார் என்று மூன்று ஊரிலும் பெயர். அந்தப் பெயரால்தான் எல்லா வினையும் வந்தது.

திருநெல்வேலியிலிருந்து நம் மாவட்டம் தனியாகப் பிரிந்த சமயம் அது. பெரியவர்களுக்கு அதுவே பேச்சு. இனிமேல் கலெக்டரைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போனால் போதும், நிலத்தையெல்லாம் புதிதாக அளக்கப்போகிறார்கள், ஒவ்வொருவருக்கும் புதுப் பட்டா வரப்போகிறது என்று கடை வாசலில் நின்று பேசுவார்கள். எங்களுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எங்களுக்குக் காற்றுதான். வைகாசி முடிவில் மேற்கே இருந்து கிளம்பிவிடும். தேரி மணல் எழும்பி வந்து சோற்றில் விழும், எண்ணெய்த் தலையில் அப்பும், சிலேட்டில் எழுதினால் எழுத்து நரநரக்கும். நேற்று மேடாக இருந்த இடம் இன்று பள்ளமாகக் கிடக்கும். எங்கள் ஊரில் யாரும் அதற்கு ஆச்சரியப்படமாட்டார்கள்.

அப்படி ஒரு நாள் தேரி உச்சியில் நானும் தம்பியும் சுற்றிக்கொண்டிருந்தபோது, மணல் விலகி ஒரு கருங்கல் பாதிக்கு மேல் வெளியே சாய்ந்து கிடந்தது. அதன் தலையில் மூன்று கோடுகள் வெட்டியிருந்தன. மூன்றும் நடுவில் கூடின.

"சூலம்ல" என்றேன்.

தம்பிக்கு ஐந்து வயது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஊரில் அம்மன் கொடைத் திருவிழா முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கும் ஒரு கொடை நடத்த ஆசை. ஆனால் உச்சியில் காற்று ஆளையே தள்ளியது. அடிவாரத்தில், அந்தக் கிணற்றையும் தாண்டிக் கிழக்கே, ஒரு பெரிய ஒடைமரம் நிழலோடு நின்றது. சாமியை அங்கே கொண்டுபோய்விடலாம் என்று தோன்றியது. நாங்கள் இரண்டு பேரும் முக்கி முனகித் தள்ளினோம். கல் அசையவில்லை.

அப்போதுதான் தண்ணீர் எடுக்க வந்த ஓர் அக்கா எங்களைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தாள். மாதா கோயில் ஊர். சங்கு குளிக்கிறவர் மகள், பதினெட்டு வயது இருக்கும். எனக்கு அவளை ஏற்கெனவே தெரியும். பாவாடை மடிப்பில் எப்போதும் இரண்டு சிப்பி வைத்திருப்பாள், என்னைக் கண்டால் ஒன்று தருவாள்.

"என்ன பிள்ளே, கல்லோட மல்லுக்கட்டிட்டு நிக்கிய?"

"சாமிக்கா. கீழ மரத்துக்குக் கொண்டுபோணும்."

"சேசுவே! உங்க சாமி இம்புட்டுக் கனமாவா இருக்கும்? தள்ளுங்க, நானும் வாரேன்."

குடத்தை மணலில் செருகிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லின் அடியைக் கையால் பறித்தாள். குடம் சுமந்த கை. ஒரே உந்து. கல் சரிந்தது, பிறகு உருண்டது, சரிவில் தானாகவே வேகம் பிடித்தது. தம்பி கைதட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். கிணற்றைத் தாண்டி ஒடைமரம் வரை மூன்று பேருமாக உருட்டிக்கொண்டு போய், குழி பறித்து நட்டோம். "உங்க அம்மனுக்கு நாங்கல்லா தேர் இழுத்திருக்கோம், எங்க சாமியார்ட்ட சொல்லிராதிய" என்று சொல்லிச் சிரித்தாள். நான் வீட்டிலிருந்து மஞ்சள் கொண்டுவந்து பூசினேன். அரளிப் பூ வைத்தேன். அன்று நாங்கள் சிரித்த மாதிரி நான் பிறகு சிரித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருக்கும். விறகு பொறுக்கப் போன ஒரு பனையேறி மனைவி அந்தக் கல்லைப் பார்த்தாள். மஞ்சள், பூ, தலையில் சூலம். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கல்லின் மஞ்சளைத் தொட்டு நெற்றியில் இட்டாள். சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. முடிந்தது கதை. தேரி மணலை விலக்கி அம்மன் தானாக எழுந்து வந்துவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பரவியது. வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். என் அம்மாவும் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"அம்மா, அது நாங்க வச்ச கல்லும்மா" என்றேன்.

வாயில் ஒரு அடி விழுந்தது. "சாமியப் போய்க் கல்லுங்கியே, சவத்து மூதி. நாக்கு அழுவிப்போவும். போடு கன்னத்துல."

போட்டுக்கொண்டேன். சொல்ல வேண்டியதை நான் ஒரு தரம் சொன்னேன், இல்லையா? சொல்லவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆடியில் சர்வேயர் வந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, "இது ஊரா, இல்ல அடுப்பா?" என்று எங்கள் மண்ணைத் திட்டிக்கொண்டே நடக்கிற ஒல்லியான மனிதர். அவரோடு நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலி, கொடிக் கம்பு, சுருட்டிய பழைய படம். புது மாவட்டத்துக்குப் புதுப் படம் அனுப்ப வேண்டும், மேலே இருந்து அவசரப்படுத்துகிறார்கள் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். வந்து நின்றதும் அப்பாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி:

"தலையாரி, மூணு ஊர்க் கல்லு எங்கய்யா? அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்."

"தேரி மேல நிக்குது சார். மணல் மூடியிருக்கும். நான் காட்டுதேன்."

அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். உச்சியில் அடிக்கு ஒரு குத்தாகக் குத்திப் பார்த்தார். முதல் நாள் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் கிடைக்கவில்லை. பக்கத்துக் கற்கள் எத்தனையோ வருஷமாக மணலுக்கு அடியில், அவையும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கிராம அதிகாரி எங்கள் வாசலில் நின்று எல்லாரும் கேட்கச் சத்தம் போட்டார். "எல்லைக் கல்லத் தொலைச்சிட்டு தலையாரின்னு எதுக்கு ஓய் பட்டை? நாளைக்குக் காட்டலன்னா மெமோதான். வேலையும் போவும், பாத்துக்கிடும்." அப்பா ராத்திரி சோற்றுத் தட்டில் கையை வைத்தவர் அப்படியே எழுந்துவிட்டார்.

அம்மா கேட்டாள்: "அது என்ன மாதிரிக் கல்லு, அடையாளம் இருக்கா?"

"கருங்கல்லு. தலையில மூணு கோடு வெட்டியிருக்கும். ஊருக்கு ஒரு கோடு."

எனக்கு வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான். இன்றுவரை யாராவது குரலைத் தாழ்த்திப் பேசினால் அதே இடத்தில் அப்படியே கழலும்.

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், எல்லைக் கல்லைப் பிடுங்குகிறவனுக்கு ஜெயில் என்று அப்பாவே ஊரில் தண்டோரா போட்டவர். நானும் தம்பியும் அந்த அக்காவும் கையில் விலங்கோடு திருச்செந்தூர் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற காட்சி எனக்குத் தெரிந்தது. அதே சமயம் அப்பாவின் வேலையும் போகக் கூடாது. பத்து வயது மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. மறுநாள் காலையில் அப்பா பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, புதுசா வந்த அம்மனுக்கு ஒரு சூடம் கொளுத்திட்டுத் தேடுங்களேன். கிடைக்கும்."

அப்பா என் தலையைத் தடவினார். அவருக்குச் சாமி கும்பிடுகிற பழக்கம் அதிகம் இல்லை. அன்றைக்குப் போனார். சூடம் கொளுத்தக் குனிந்தவர் கண்ணுக்கு மஞ்சளுக்கு அடியில் கோடு தெரிந்திருக்கிறது. துண்டால் துடைத்துப் பார்த்தார். ஊருக்குள் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். "கல்லு கிடைச்சிட்டு! சார், கல்லு கிடைச்சிட்டு!" எனக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷம். என்ன சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் எல்லை போகும், கிணறு அவர்கள் பக்கத்திலிருந்து எங்கள் பக்கம் வந்துவிடும் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

மாதா கோயில் ஊருக்குத் தெரிந்தது. மறுநாளே அந்த ஊர்ப் பெரியவர் நாலு பேரோடு வந்துவிட்டார். நல்ல மனிதர், கோபமாகப் பேசவில்லை.

"தலையாரி அண்ணாச்சி, கல்லு மேட்டு மேல நின்னதால்லா எங்க அப்பச்சன் சொல்லுவாவ. இங்கன எப்படி வந்துது?"

அப்பா சொன்ன பதிலை நான் மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"நான் சின்னப் பிள்ளையில ஒரு தரம் பாத்தது. அப்பவும் மேட்டு மேலதான் பாத்தேன். அன்னைக்கு மேடே இங்கன இருந்திருக்கும், இன்னைக்கு அங்கன போயிருக்கு. மணல்தான் நகரும், கல்லு எங்கன நகரும்?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மாதா கோயில் ஊர்ப் பெரியவரும் ஆட்டினார். வேறு எந்த ஊர்க்காரனாவது இருந்தால் சிரித்திருப்பான். நாங்கள் தேரிக்காரர்கள். வருஷா வருஷம் மேடு இடம் மாறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள். எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சர்வேயர் பழைய படத்தைப் புரட்டினார், சங்கிலியைப் பிடித்துப் பார்த்தார், அளவு சரியாக வரவில்லை. மற்ற கற்கள் இல்லாமல் எதை வைத்துத் தப்பு என்று சொல்வது? ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தலையாரி பொய் சொல்ல மாட்டாரு. அவரு சாமி முன்னால அவரு சூடம் அணைச்சு சொல்லட்டும். நாங்க ஒத்துக்கிடுதோம்" என்றார் பெரியவர்.

கல்லின் தலையிலேயே சூடத்தை வைத்துக் கொளுத்தினார்கள். அப்பா செருப்பைக் கழற்றினார். "இந்தச் சாமி அறிய, கல்லு இங்கனதான் நின்னுது" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். வடக்கூர் வாத்தியார் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மூன்று ஊரும் கலைந்து போனது.

அன்று சாயங்காலம் அம்மா பூரித்துப்போய் ஒரு கதை சொன்னாள். அவள் பிறந்த ஊரில் ஒருத்தன் ஆட்டைத் திருடிவிட்டுச் சூடம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தானாம். நாற்பத்தொரு நாளைக்குள் இரண்டு கண்ணும் அவிந்து செத்தானாம். "நம்மளுக்கு என்ன, உங்க அப்பா மெய்யத்தானே சொன்னாவ" என்று முடித்தாள்.

அப்பா சொன்னது பொய். அவருக்கே தெரியாத பொய். சாமிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

ஒரு பால் டப்பாவில் நாற்பத்தொரு புளியங்கொட்டை எண்ணிப் போட்டேன். தினமும் ஒன்றை எடுத்து வெளியே எறிவேன். காலையில் எழுந்ததும் அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன். பனங்காட்டுப் பக்கம் போனால் பாம்பு, தூத்துக்குடிக்குப் போனால் லாரி. சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும்வரை வாசற்படியை விட்டு நகரமாட்டேன். "இது என்னளா, காவல்காரி மாதிரி உக்காந்திருக்கே" என்று அப்பா சிரிப்பார். இருபத்திரண்டாம் நாள் அவருடைய இடது கண் சிவந்து வீங்கி, பீளை தள்ளி, திறக்க முடியாமல் போனது. அம்மா தாய்ப்பால் வாங்கிக்கொண்டு வந்து கண்ணில் விட்டாள். நான் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். ஒரு கண் போயிற்று, இன்னும் ஒன்று இருக்கிறது என்று கணக்குப் போட்டு அழுதேன். தேரி மணல் பட்ட கண், நாலு நாளில் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை.

இதற்குள் எங்கள் ஊரார் கிணற்றைச் சுற்றி ஒடைமுள் வேலி போட்டார்கள். அம்மன் நமக்குத் தந்த கிணறு என்றார்கள். முதலில், எங்கள் பெண்கள் எடுத்து முடித்த பிறகு அவர்கள் எடுக்கட்டும் என்று வைத்தார்கள். பிறகு அதுவும் இல்லை. மாதா கோயில் ஊர்ப் பெண்கள் ரோட்டோரத்துக் கிணற்றுக்கு, போக இரண்டு மைல் வர இரண்டு மைல், சுடுமணலில் நடக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் வரிசையாகப் போவது எங்கள் பள்ளிக்கூடத்து ஜன்னலில் தெரியும். நான் அதைப் பார்த்தேன். ஆனால் என் மனசில் அது ஒட்டவே இல்லை. என் கவலையெல்லாம் டப்பாவில் இருந்தது.

அந்த அக்கா ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது.

"பிள்ளே, நாம உருட்டுன கல்லாலதான் இம்புட்டும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எனக்கு இப்பத்தான் தெரியும். முந்தாநேத்துத்தான் எங்க அப்பா சொல்லக் கேட்டேன். ரெண்டு நாளா சோறு இறங்கல்ல. நான் எங்க ஊர்ல சொல்லப் போறேன். ஆனா ஒத்தையில சொன்னா நம்பமாட்டாவ. கிணத்தத் தூக்கிக் குடுத்தவன்னு என்னையத்தான் ஏசுவாவ. கார்த்தியல்ல கலியாணம் வேற வச்சிருக்கு. நீயும் கூட நின்னு ஒரு வார்த்தை சொல்லு மக்கா. சின்னப் பிள்ளை சொன்னா கேப்பாவ."

"இப்ப வேண்டாம்க்கா. இன்னும் பதிமூணு நாள் போகட்டும்."

"அது என்ன பதிமூணு நாளு?"

நான் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று பயம். "பதிமூணு நாள் கழிஞ்சா நானே சொல்லிருதேன்க்கா. சத்தியமா" என்றேன். மனதாரச் சொன்னேன், நம்புங்கள். கெடு தாண்டிவிட்டால் அப்பாவுக்கு ஆபத்து இல்லை. அப்புறம் உண்மையைச் சொல்லலாம். என் யோசனை அதுதான். அக்கா வேலிக்கு மேலாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சுரசுரவென்று இருந்தது. பதிமூன்று நாள் கூடுதலாக நடப்பதற்கு அவள் சம்மதித்துவிட்டுப் போனாள்.

நாற்பத்தொன்றாம் நாள் அப்பா நன்றாக இருந்தார். இரண்டு ஆள் சோறு சாப்பிட்டார். நாற்பத்திரண்டாம் நாளும் நன்றாக இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பொங்கலிட்டபோது ஊர்க்காரர்கள் அப்பாவுக்குத் தலையில் பட்டுத் துணி கட்டி முதல் மரியாதை செய்தார்கள். கிராம அதிகாரியே தேங்காய் முடியை எடுத்துக் கொடுத்தார். அப்பாவுக்கு அதுவரை யாரும் எதையும் நீட்டிக் கொடுத்தது கிடையாது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் துள்ளிக்கொண்டு திரிந்தேன். காலி டப்பாவை அடுப்பங்கரையில் அம்மாவிடம் கொடுத்தேன், மல்லி போட்டு வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலிப் பக்கம் வராமல் கோயில் பக்கமாகச் சுற்றி வந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அப்பாவும் அந்த ஊர்ப் பெரியவரும் கூட வந்தார்கள். அவள் எனக்காகக் காத்துப் பார்த்துவிட்டுத் தானே சொல்லிவிட்டிருக்கிறாள். முற்றத்தில் நின்றார்கள். அப்பா கட்டிலில் இருந்து எழுந்து, "வாங்க, வாங்க, இரிங்க" என்றார். யாரும் உட்காரவில்லை.

பெரியவர்தான் தொடங்கினார். "தப்பா எடுத்துக்கிடாதியும் அண்ணாச்சி. இந்தப் பிள்ளை ஒண்ணு சொல்லுது. அதைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

அக்கா முன்னால் வந்து சொன்னாள். "கல்லு மேட்டு மேலதான் கெடந்துது மாமா. நானும் உங்க பிள்ளையளும் சேந்துதான் விளையாட்டுக்கு உருட்டிட்டு வந்தோம். நான்தான் நெம்பி விட்டேன். உங்க மவள்ட்ட கேளுங்க, அவ சொல்லுவா."

எனக்குத் தலையில் பட்டுத் துணி கட்டிய அப்பா தெரிந்தார். கிராம அதிகாரி நீட்டிய தேங்காய் முடி தெரிந்தது. நாற்பத்தொரு நாளில் எந்த ஒரு நாள் என்னைக் கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேன், பயத்தில் கொட்டியிருப்பேன். இப்போது எனக்குப் பயம் இல்லை. பொய்ச் சத்தியத்துக்குச் சாமி ஒன்றும் செய்யவில்லை என்று நான்தான் நாள் எண்ணிப் பார்த்துவிட்டேனே.

"ஏளா, இங்க வா" என்றார் அப்பா. "இந்தப் பிள்ளை சொல்லுதது மெய்யா?"

"இல்லப்பா."

"பிள்ளே..." என்றாள் அக்கா.

அவளுடைய அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடலுக்கு அடியில் மூச்சை அடக்கிச் சங்கு எடுக்கிற மனிதர், அவர் மகள் பொய்க்காரி என்று அந்த முற்றத்தில் தீர்ப்பாகிவிட்டது. கார்த்திகையில் அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார், வாய் நீண்ட பெண் என்று சொல்லிவிட்டார்களாம். தூத்துக்குடியில் இறால் உரிக்கிற கம்பெனிக்கு அவள் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வர ஏழு வருஷம் ஆயிற்று.

என் பொய்யை இப்போது உங்களிடம் ஒத்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை என்று நீங்கள் எனக்குச் சமாதானம் சொல்லுவீர்கள், எனக்கே நான் பல தரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னால் விழுங்க முடியாதது அது இல்லை. அதற்கு அடுத்து நடந்தது. போவதற்குத் திரும்பிய அக்கா, வாசற்படியில் நின்ற தம்பியைப் பார்த்துவிட்டு, "அந்தச் சின்னவனையாவது ஒரு வார்த்தை கேளுங்க மாமா" என்று கெஞ்சினாள். தம்பிக்குப் பொய் சொல்ல வராது. வீட்டில் சீனி குறைந்தால் அவனைத்தான் கேட்பார்கள், யார் தின்றார்கள் என்று அப்படியே சொல்லிவிடுவான். அது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் நன்றாகத் தெரியும்.

தம்பி வாயைத் திறந்தான்.

"அவன உள்ள கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா அம்மாவிடம்.